பன்னீர்ப் பஞ்சு

முகம் துடைப்பது சின்ன வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், அனுப்ரியா. கன்னத்தில் எவ்வளவு அழுத்தலாம், கண்ணுக்குக் கீழே விரலை எப்படி லேசாக்க வேண்டும், மூக்கோரத்தில் எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கும், இதெல்லாம் கைக்குத் தெரிய வேண்டும். என் கைக்குத் தெரியும். நான் தொட்டால் யாராக இருந்தாலும் கண்ணை மூடிவிடுவார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் போன தீபாவளிக்கு வந்தார், இரும்புக் கம்பி மாதிரி விறைப்பு. அவரும் குழந்தை மாதிரி மூடிக்கொண்டார்.

கவிப்ரியாவின் கேமராவையும் சாமான்களையும் எடுத்துப் போக உங்கள் தம்பி ஆதவன் உங்களை அனுப்பியிருக்கிறான். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் துணி சுற்றி அந்த மூலையில் வைத்திருக்கிறேன், ஒரு கண்ணாடிப் புட்டிகூட உடையாது. ஆனால் வாசலில் நின்றபடியே 'ஏன் இப்படி செஞ்சீங்க?' என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு வாசலில் வைத்தே பதில் சொல்ல முடியாது. உட்காருங்கள். கீழே பூக்கடைக்குப் பக்கத்தில் வாங்கிய தே தாரேக் இது, நுரைக்க ஆற்றின பால் தேநீர். காலையில் இரண்டாக வாங்கியே பழகிவிட்டது. ஆறுவதற்குள் குடியுங்கள்.

எங்கள் தொழில் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். இன்றைக்கு ஆளாளுக்குக் கைப்பேசியில் ஆயிரம் படம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஓர் ஆளுக்கு ஒரே ஒரு படம் எடுப்போம், அதுவும் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய முறையில். கறுப்புப் பூச்சுப் பூசிய ஒரு தகடு. அதன்மேல் கொலோடியன் என்று பிசின் போன்ற ஒரு திரவத்தை ஊற்ற வேண்டும். கவி ஊற்றுவதை நீங்கள் பார்த்ததில்லையே, அடடா. கரண்டியே படாமல் தோசை வார்ப்பது போல் இருக்கும். தகட்டை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைப் புட்டிக்குள்ளேயே வடித்துவிடுவாள். ஒரு சொட்டு சிந்தாது. அப்புறம் இருட்டறையில் வெள்ளி கரைத்த நீரில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, கழுவியும் முடித்துவிட வேண்டும். காய்ந்தால் போச்சு. அதனால் இங்கே எல்லாமே ஓட்டமும் நடையும்தான். கை கழுவக்கூட நேரம் இருக்காது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தகட்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. நாம் பார்க்கிற வெளிச்சம் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் அதற்கு வெளிச்சம். தோலுக்குள் வெயில் செய்து வைத்திருக்கிற கோளாறெல்லாம் தகட்டில் வந்து நிற்கும். சன்ஸ்கிரீன் இருக்கிறதே, அது அந்தக் கதிரைத் தடுப்பதற்கென்றே செய்தது. ஆகவே சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் படத்தில் முகத்தில் கரியை அப்பின மாதிரி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தகட்டில் கறுப்பாக இருக்கும். அதனால்தான் இங்கே ஒரு சட்டம் வைத்தோம். உட்காருவதற்கு முன் எல்லாரும் சோப்புப் போட்டு முகம் கழுவ வேண்டும். அதன்பின் பன்னீரில் நனைத்த பஞ்சால் நான் ஒரு தரம் துடைத்துவிடுவேன். எண்ணெய்ப் பளபளப்பும் போகும், மிச்சம் மீதி பூச்சும் போகும்.

நான் இருபது வருடம் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பெரிய கடையில் அழகுசாதனப் பிரிவில் நின்றவள். முகம் என்றால் எனக்கு அத்துப்படி. அந்தக் கடையை மூடினபோது என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வார இறுதிப் பயிலரங்குக்குப் போனேன், அங்கேதான் கவி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் வெள்ளி பட்டுக் கறுத்து, தலைமுடியில் பென்சிலைச் செருகிக்கொண்டு, தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு. என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஒங்க கை மட்டும் எப்படிக்கா இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள். ஆறே மாதத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் இந்த மாடியை எடுத்தோம். தகடு அவளுக்கு, முகம் எனக்கு. நான் கையுறை இல்லாமல் மருந்து எதையும் தொடமாட்டேன், அதனால் என் கை அன்று போலவே இன்றைக்கும் சுத்தம்.

எனக்கென்று யாரும் இல்லை, அதை ஒளிப்பானேன். கிளமெண்டியில் ஒரு வீடு, அதில் நான். பெற்றோர் போய்விட்டார்கள், திருமணம் சில வருடம் இருந்துவிட்டுப் போய்விட்டது. கவி வந்த பிறகுதான் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. 'அக்கா' என்று அவள் மாடிப்படியில் ஏறும்போதே கூப்பிடுவாள். அதைக் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

தகடு பொய் சொல்லாது என்று கவி நம்பினாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வாள். "போன்தான்க்கா பொய் சொல்லும், பிளேட் பொய் சொல்லாது." அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இருந்தது. பக்கத்துச் சந்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே அப்துல் கஃபார் பாய், அவர் ஒருநாள் விளையாட்டாகப் படம் எடுத்துக்கொள்ள வந்தார். படத்தில் காதோரம் ஒரு கறுப்புத் திட்டு. நேரில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நான் நன்றாகத்தான் துடைத்திருந்தேன், மறுபடி துடைத்து எடுத்தும் அதே திட்டு. கவி விடவில்லை, பின்னாலேயே நின்று டாக்டரிடம் அனுப்பினாள். முதலில் பார்த்தவர் ஒன்றுமில்லை என்றார். இரண்டாவது ஆள் வெட்டி எடுத்துப் பார்த்தார், கெட்ட கட்டியின் ஆரம்பம். சரியான நேரத்தில் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாய் வெள்ளிக்கிழமை தவறாமல் பிரியாணி கொண்டுவருவார், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்.

இப்போது உங்கள் தம்பிக்கு வருவோம். நல்ல பையன். நான் ஒருநாளும் அவனைக் குறை சொன்னதில்லை. ஆனால் ஓரிடத்தில் ஆடாமல் உட்காரத் தெரியாது. இந்தப் படத்துக்குச் சில வினாடி அசையாமல் இருக்க வேண்டும், பின்னந்தலைக்கு இரும்புத் தாங்கியே வைத்திருக்கிறோம். அதிலும் அவன் நெளிந்து, எடுத்த படத்திலெல்லாம் இரண்டு மூக்கோடு வருவான். கவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்படிச் சிரித்துச் சிரித்தே ஆங் மோ கியோவில் உங்கள் வீட்டில் வைத்து நிச்சயம் ஆயிற்று. நானும் வந்தேன், நீங்கள்தான் எனக்குச் சந்தனம் கொடுத்தீர்கள்.

எங்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. தினமும் கடை திறந்ததும் முதல் தகடு கவியின் முகத்தைத்தான் எடுப்போம். வெள்ளி நீர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க. அவள் தகட்டைத் தயார் செய்து வைத்துவிட்டு வந்து உட்காருவாள், நான் முகம் துடைத்துவிட்டு, கேமராவின் மூடியைக் கழற்றி எண்ணி, மறுபடி மாட்டுவேன். அப்படி ஒரு காலையில், நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடியபடியே அவள் சொன்னாள்.

"அக்கா, ஆதவனுக்கு பெர்த்ல வேல கெடச்சிருக்கு. கல்யாணம் முடிஞ்சதும் நானும் போறேன். அங்க வெயில் எப்படி இருக்கும் தெரியுமா? லைட்டே போட வேணாம், வெளியில வச்சே பிளேட் எடுக்கலாம்லா."

"அப்ப இந்த ஸ்டூடியோ?" என்றேன்.

"நீங்க பாத்துக்குங்கக்கா. வேற யாராச்சும் நல்ல ஆளா கெடைப்பாங்க."

வேற யாராச்சும். சொன்ன விதத்தைப் பாருங்கள், அனுப்ரியா. ஆனாலும் நான் வளர்ந்த விதம் அப்படி, 'ரொம்ப சந்தோஷம் கவி' என்று சொல்லி, பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அவள் கன்னத்தில் தட்டிக்கொடுத்தேன். பிறகு மூடியைக் கழற்றினேன்.

அன்றைக்கு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இருந்து நடந்து வந்ததில் வெயில் தாங்காமல், படியேறும்போதே கழுத்துக்குக் கொஞ்சம் சன்ஸ்கிரீன் பூசியிருந்தேன். விரலில் ஒட்டியிருந்தது எனக்கே தெரியாது. தகட்டை மருந்தில் போட்டதும் நீலப் புகை மாதிரி இருப்பது மெல்லக் கலைந்து முகம் மேலே வருமே, அப்படி அவள் முகம் வந்தது. கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்றல். எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது, சிரிப்புக்கூட வந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கவியின் கை கன்னத்துக்குப் போயிற்று. முகம் வெளுத்துவிட்டது.

"எங்க அம்மாவுக்கு இந்த எடத்துலதான்க்கா ஆரம்பிச்சுது," என்றாள்.

அவள் அம்மா லூபஸ் என்கிற நோய் வந்து இறந்துபோனவர், கவி உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது. மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் பட்டாம்பூச்சி மாதிரி சிவந்து படருமாம், வெயில் பட்டால் அதிகமாகுமாம். சில வருடம் பாடாய்ப் பட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார். கூட இருந்து பார்த்த அப்பா பிறகு சிரித்து அவள் பார்த்ததே இல்லையாம்.

"நல்லா தொடச்சீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தரம் தொடச்சேன்," என்றேன்.

அது பொய் இல்லை. இரண்டு தரம் துடைத்தேன். தட்டிக்கொடுத்தது அதற்கு அப்புறம்தான், அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான் நான் அன்றைக்குச் செய்தது. உண்மையை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் அவள் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, சோப்புப் போட்டு மூன்று தரம் முகம் கழுவிக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தாள். நான் பஞ்சை எடுத்தேன். அவள் வழக்கம்போல் கண்ணை மூடினாள். தண்ணீர் மாதிரியே ஒரு சன்ஸ்கிரீன் வருகிறது, நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடையில் நான் எத்தனையோ விற்றிருக்கிறேன். அதைப் பஞ்சுக்குக் கீழே விரல் நுனியில் வைத்திருந்தேன். ஒற்றினால் தோலுக்கே தெரியாது. அந்தத் தீற்றல் நேற்று இருந்த இடத்திலேயே, கொஞ்சம் பெரிதாக வந்தது.

அவள் டாக்டரிடம் போனாள், நானும் கூடப் போனேன். பார்வைக்கு ஒன்றுமில்லை என்றார். ரத்தப் பரிசோதனையில் ஒன்று மட்டும் லேசாக இப்படியும் சொல்லலாம் அப்படியும் சொல்லலாம் என்கிற மாதிரி வந்திருக்கிறது, நன்றாக இருப்பவர்களுக்கும் அப்படி வருவதுண்டு, பயப்பட வேண்டாம், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். நியாயமான மனிதர். கவி வெளியே வந்து, "கஃபார் பாய்க்கும் மொதல்ல ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க" என்றாள். இந்த உதவியை நான் யாரிடமும் கேட்கவில்லை, தானாக வந்தது.

ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. கடையில் இருந்தபோதே அப்படித்தான், ஒரு பெண்ணுக்கு உதட்டுச் சாயம் போட்டுக் காட்டினால்கூட ஓரம் பிசகாது. நானோ அந்த நோயை நேரில் பார்த்ததில்லை. வெறும் தீற்றலாகப் போட்டுக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு? ஆகவே கவியிடம், "ஒங்க அம்மா முகத்த நான் பாத்ததே இல்லியே கவி" என்றேன். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லையாம். சுவா சூ காங்கில் அப்பா வீட்டுக்குப் போய் ஒரு படத்தை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். அம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படம், கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல களையான முகம். கன்னத்துச் சிவப்பு இடப்பக்கம் கொஞ்சம் அகலம், வலப்பக்கம் கண்ணை நோக்கிக் கூராக ஏறியிருந்தது. நான் அதை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். பயணத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். தகட்டில் இடம் வலமாகத் தெரியும் அல்லவா, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள்.

அந்த வாரக் கடைசியில் கவி தகட்டையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "அப்படியே அம்மாக்கா," என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மன்னியுங்கள், எதையும் மறைக்காமல் சொல்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதும் நான்தான் துணை. உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிற காப்பிக் கடையில், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஆதவன் மோதிரத்தைத் தொடவே இல்லை. "வந்தா வரட்டும் கவி. ரெண்டு பேரா பாத்துக்குவோம்" என்றான். அதற்கு அவள், "எங்க அப்பா பட்டத நீ படவேணாம். அம்மா போனதும் நான் பட்டத ஒரு புள்ள படவேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அழவில்லை. டாக்சியில் என் தோளில் சாய்ந்துகொண்ட பிறகுதான் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் பெர்த் வேலையைத் தள்ளிப்போட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பாவிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். உள்ளறையைக் காலி செய்து கொடுத்தேன். அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை, இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. காலையில் இரண்டு பேராகக் கிளம்புவோம். பெரிய குடையாகப் பார்த்து வாங்கினேன், வெயில் ஒரு பொட்டு அவள்மேல் பட விடமாட்டேன். முழுக்கை சட்டை தைத்துக்கொடுத்தேன். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டுகிறவள், அதை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து இடியப்பம் பிழியக் கற்றுக்கொண்டாள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சொதி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சில நாள் உள்ளறையில் விசும்பல் கேட்கும். நான் எழுந்து போய் மைலோ கலக்கிக் கொடுப்பேன். "நீங்க இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா" என்பாள். இதைவிட ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

நான் இல்லாத நாளில் அவள் ஒரு தகடு எடுத்துப் பார்த்திருந்தால் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். நான் இல்லாத நாள் என்று ஒன்று இல்லாமல் பார்த்துக்கொண்டேன். காய்ச்சலோடுகூட வந்தேன். கவி அதையும் என் அன்பு என்றாள், அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஒரே தொந்தரவு ஆதவன்தான். சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். மேலே வரமாட்டான், கவி வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு, பால் சேர்க்காத கோப்பி ஓ இரண்டு வாங்கி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பான். அது ஆறிப்போன பிறகு இரண்டையும் அவனே குடித்துவிட்டுப் போவான். சில வாரமாகக் கவி இறங்கிப்போகும்போது அந்தக் கோப்பையைப் பார்ப்பதை நான் கவனித்தேன். "சும்மா ரெண்டு வார்த்த பேசினா என்னக்கா" என்றுகூட ஒருநாள் கேட்டாள். மறுநாள் அந்தப் பட்டாம்பூச்சியின் இறக்கையைப் புருவம் வரை ஏற்றினேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை கஃபார் பாய் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் அல்வாவோடு மேலே வந்தார். அப்போதுதான் கவி காலைத் தகட்டைத் தயார் செய்து கொண்டுவந்து கேமராவில் வைத்திருந்தாள். நானும் அப்போதுதான் அவள் முகத்தைத் துடைத்து முடித்திருந்தேன். பாய் எங்களைப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறீங்க, நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒண்ணுகூட இல்லியாம்மா? எந்திரிங்க, மூடிய நான் கழட்டுறேன். எனக்கு உசுரு குடுத்த புள்ளைங்க நீங்க" என்றார். நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். கவி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "காயப்போகுதுக்கா, வாங்க." வெகு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு. மறுக்க முடியவில்லை. அவள் பின்னால் நின்று, தோளில் கையைப் போட்டுக்கொண்டேன். பாய் பிஸ்மில்லா சொல்லி மூடியைக் கழற்றினார்.

மருந்துத் தட்டைச் சுற்றி மூன்று பேரும் குனிந்து நின்றோம். நீலம் கலைந்தது. அவள் வந்தாள், நான் வந்தேன், அவள் கன்னத்தில் இறக்கை வந்தது. பாய்தான் முதலில் கேட்டார்.

"என்னம்மா சயந்தினி, கையில மருதாணியா?"

அவள் தோளின் மேல் இருந்த என் கையில், விரல் நுனிகள் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. அவள் கன்னத்தில் இருந்த அதே கறுப்பு.

கவி தகட்டைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். உங்களுக்குத் தெரியுமே, என் கை எப்போதும் சுத்தம். அவள் நேரே இருட்டறைக்குள் போய்ப் புதுத் தகடு ஒன்றைத் தயார் செய்து கேமராவில் வைத்தாள். தொட்டியடியில் போய்ச் சோப்புப் போட்டு முகம் கழுவித் தன் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டாள். நான் பழக்கதோஷத்தில் பஞ்சை எடுத்துவிட்டேன்.

"நீங்க தொடாதீங்க," என்றாள்.

பாய் மறுபடி மூடியைக் கழற்றினார். பாவம், என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தத் தகட்டில் கவி மட்டும் இருந்தாள். கன்னத்தில் ஒன்றும் இல்லை. ஒரு மறு, ஒரு பரு, அவ்வளவுதான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாய் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தார். அவள் எழுந்து அந்த அல்வாவில் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டு, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"எங்க அம்மா படத்தக் குடுங்க," என்றாள்.

எதற்காக அந்தப் படத்தை வாங்கினேன் என்று அந்த நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி, நான் எப்போதும் சொல்வேன். கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஓரம் கொஞ்சம் மடங்கியிருந்தது, அதை விரலால் நீவிக்கொண்டே இறங்கிப்போனாள். 'அக்கா' என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை அல்லவா, கடைசிப் படியில் உங்கள் தம்பி இரண்டு கோப்பியோடு இருந்தான். நான் திரையை விலக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுள்ளென்று வெயில். அவள் கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையின் நிழலைத் தாண்டி நடுத்தெருவுக்கே போய் முகத்தை அண்ணாந்து நின்றாள். குடை இங்கேயே கிடந்தது. பூக்கடைக்காரப் பெண்கள்கூடப் பார்த்தார்கள். அவன் கோப்பியைக் கொட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். அவள் அவனிடம் என்ன சொன்னாளோ, அவன் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். அந்த ஒரு தரம்தான் அவன் ஆடாமல் நின்று நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் கல்யாணம், பிறகு பெர்த் என்று பாய் சொன்னார். அவர் மூலமாகத்தான் சேதி வருகிறது, பிரியாணி நின்றுவிட்டது. நன்றாக இருக்கட்டும்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான்தான் பூசினேன். கை தவறியது முதல் நாள் மட்டும். மற்ற ஒவ்வொரு காலையும் தெரிந்தே பூசினேன், செத்துப்போன அம்மாவின் முகத்தைப் பார்த்து மகளின் முகத்தில் வரைந்தேன். அவள் சாகப்போகிறோம் என்று நினைத்து அழுததைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். போலீசில் சொல்வதானாலும் சொல்லுங்கள், இதே மாதிரி அங்கேயும் சொல்வேன். என்ன குற்றம் என்று எழுதுவார்களோ, அது அவர்கள் பாடு. ஆனால் ஒன்று, அவள்மேல் ஒரு கீறல் விழவில்லை. வெயில் படாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போகும்போது வந்ததைவிடக் கொஞ்சம் சதை போட்டுத்தான் போனாள். பெற்ற தாய் இருந்திருந்தால்கூட இவ்வளவு பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கோபம் ஆறினதும் அவளுக்கே அது புரியும். அதனால்தான் உள்ளறையில் எதையும் நான் மாற்றவில்லை.

அடடே, நீங்கள் தேத்தண்ணீரைத் தொடவே இல்லையே. சரி, பரவாயில்லை. ஊற்றுவதற்கு நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், கவி அளவுக்கு வராது. வந்தது வந்தீர்கள், ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். கேமராவை அப்புறம் கட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு நல்ல முகவாட்டம், தம்பியை மாதிரி ஆடவும் மாட்டீர்கள். தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள், பன்னீர் கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணை மூடுங்கள். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? எல்லாரும் மூடுவார்களே.